நூட்ரலா என்று கேட்டான்

மண்ணெண்ணெய் பட்ட கைக்குச் சீயக்காய்தான் சரி, ஐயா. சோப்பு எத்தனை போட்டாலும் வாசனை போகாது. பனமலையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் கையை மோந்து பார்த்துவிட்டு, பஜ்ஜியைக்கூட முழுசாகத் தின்னாமல் எழுந்து போனார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. அந்த மாப்பிள்ளைக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது.

பேர் உண்ணாமலை, வயது முப்பத்தாறு, அரங்கநாதன் மகள் என்று உங்கள் ஏட்டு எழுதிவிட்டார். தொழில் என்ற இடத்தில் 'வீட்டு வேலை' என்று போட்டிருக்கிறார். அதை அடித்துவிட்டு மெக்கானிக் என்று போடச் சொல்லுங்கள். செத்துப்போனவன் என் தம்பி உத்திராபதி. அவனைப் பற்றி நான் குறையாக ஒன்றும் சொல்ல மாட்டேன். நல்ல பையன்.

வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். திண்டிவனம் பக்கம் கடலைப் பண்ணை வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குக் கிளம்பும்போது ஓடாத டிராக்டர் ஒன்றை விட்டுப் போனான். என் தாத்தா கோதண்டராமன் அதை வாங்கி, ஆறு ஜோடி மாடு பூட்டி செஞ்சிக்கு இழுத்துவந்தார். ராஜகிரிக்குக் கீழே எங்கள் கொல்லையில், பெரிய பாறையை ஒட்டிக் கொட்டகை போட்டு நிறுத்தினார். இரும்புச் சக்கரம், முன்னால் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்கிற ஹேண்டில். தாத்தா அதை ஓட வைத்தார், ஆனால் ஒரு நாள்கூட அது ஏர் இழுக்கவில்லை. தாத்தாவுக்கு அதைப் பிரித்துப் பூட்டுவதில்தான் ஆசை. மற்ற வீடுகளில் சீட்டாடுவார்கள், சேவல் சண்டைக்குப் போவார்கள். எங்கள் வீட்டில் இது.

தாத்தாவுக்குப் பிறகு நைனா. அறுவடை முடிந்ததும் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவோம். நைனா கழற்றுவார், நான் மண்ணெண்ணெயில் கழுவுவேன், உத்திராபதி துடைப்பான். மேல்சித்தாமூரில் ஒரு ஜைனர் வீட்டுக் களத்தில் துருப்பிடித்துக் கிடந்த இன்னொரு டிராக்டரையும் நைனா வாங்கிவந்தார். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாம் என்றார். பாதி பிரித்துப் போட்டிருந்தபோது காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மிச்சத்தைப் பூட்டியது நான். பதினோரு வருஷம், ஐயா. பிஸ்டன் வளையங்களை நானே அரத்தால் ராவி உட்கார வைத்தேன். ஊரில் கேட்டுப் பாருங்கள், "தாத்தன், அப்பன், பேரன், மூணு தலமொறயா அந்த ஊட்ல இதே கிறுக்குதான்" என்பார்கள். அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஹேண்டில் சுற்றுவது ஆம்பிளை, சீட்டில் உட்காருவது நான். சுற்றுகிறவர் முதலில் "நூட்ரலா?" என்று கேட்க வேண்டும். சீட்டில் இருப்பவர் கியர் தடியை ஆட்டிப் பார்த்துவிட்டு "நூட்ரல்" என்று சொல்ல வேண்டும். எந்தக் கியரும் விழவில்லை, வண்டி பாயாது என்று அர்த்தம். கியர் விழுந்திருந்தால் சுற்றுகிறவன்மேலேயே வண்டி ஏறிவிடும். பத்து வயசில் நான் தடியைத் தொடாமலே பதில் சொல்லிவிட்டேன். நைனா விட்ட அறையில் காது இரண்டு நாள் கொய்யென்றது. அதற்குப் பிறகு என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் யாரும் மறுபடி சரிபார்க்க மாட்டார்கள்.

நான் பூட்டி முடித்த இந்த அறுபத்தாறாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆவணியில் ஒரு நாள் உத்திராபதி கொட்டகைக்கு வந்தான்.

"அக்கா, இஞ்சின கயட்டி கெணத்து மேட்டுல வெச்சிடலாம்னு இருக்கறேன். மாடு எறச்சி மாளல."

"வண்டி?"

"வண்டி இன்னா வண்டி. சக்கரத்தல்லாம் பட்டறைக்குப் போட்டுடலாம். எத்தினி நாளைக்குத்தான் நீ இதுங்கூடயே மாரடிப்ப?"

நியாயமான பேச்சு. கேழ்வரகு கருகிக்கொண்டிருந்தது, அவனுக்கு இரண்டு பிள்ளைகள். நான் சண்டை போடவில்லை. ஆயுத பூஜைக்கு ஒரு தரம் ஓட்டிவிட்டுக் கழற்றலாம் என்று மட்டும் கேட்டேன். "ஓட்டுனா போச்சி, அதுக்கின்னா" என்று சிரித்தான். அவன் எனக்கு எதையும் இல்லை என்று சொன்னதே கிடையாது.

பூஜையன்று காலையில் அவன் பெண்டாட்டி வசந்தா வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். தெருவிலிருந்து பத்துப் பேர் வந்திருந்தார்கள். வண்டி பாறையைப் பார்த்து நிற்கும், பின்னால்தான் எடுக்க வேண்டும். அதனால் எலுமிச்சம்பழங்களைச் சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தாள். உத்திராபதி பாறைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் போய் நின்றான். "நைனாவும் நானும் சேந்து பூட்டுனது, பாருங்க" என்றான். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. ஆம்பிளைகளுக்கு அது தானாக வாயில் வரும். கோபம் வந்ததா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். கோபம் வந்தால் நான் வண்டியைத் தொட மாட்டேன். அன்றைக்கு நேராகப் போய்ச் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"அக்கா, நூட்ரலா?"

"நூட்ரல்."

கை தடிமேல்தான் இருந்தது. தடி முதல் கியரில் இருந்தது. கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தேன். மிதித்திருக்கும் வரை கியர் விழுந்திருந்தாலும் ஹேண்டில் லேசாகச் சுற்றும், முன்னால் நிற்பவனுக்குத் தெரியாது. மூன்றாவது சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஹேண்டிலோடு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் கண்ணில் தண்ணீர். நான் காலை எடுத்தேன்.

ரேடியேட்டர் அவனை இடுப்பில் பிடித்துப் பாறையோடு சேர்த்தது. பாறை நகரவில்லை, வண்டி நிற்கவில்லை. சக்கரத்தின் இரும்புப் பற்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டே இருந்தன. இடுப்பெலும்பு போன சத்தம் இஞ்சினுக்கு மேலே கேட்டது. இரண்டு உள்ளங்கையாலும் பானட்டை அடித்தான், சந்தனமெல்லாம் கலைந்துபோயிற்று. "அக்கா, கிளட்ச்சு, கிளட்ச்சு" என்றான். நான் பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறான், பாவம். அடுத்த தரம் வாயைத் திறந்தபோது ரத்தம்தான் வந்தது. என் கால் கிளட்சுக்கு நாலு விரற்கடை மேலே இருந்தது. வசந்தா என் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள்.

"செத்த சும்மா இரு, வசந்தா. சத்தம் கேக்கட்டும்" என்றேன்.

இஞ்சின் ஒரு இடத்தில்கூட விக்கவில்லை, ஐயா. அவன் அடிப்பது நின்ற பிறகு கிளட்சை மிதித்து அணைத்தேன். எலுமிச்சம்பழம் நாலும் நசுங்காமல் கிடந்ததைப் பார்த்துத்தான், பின்னால் எடுக்க வேண்டிய வண்டி முன் கியரில் ஏன் இருந்தது என்று உங்கள் ஏட்டுக்குச் சந்தேகம் வந்ததாம். கெட்டிக்காரர்.

யாருக்காகச் செய்தாய் என்று கேட்டீர்கள். நைனாவுக்காக. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் உயிரை விட்ட வண்டியை உடைக்கப் பார்த்தான், விடவில்லை. வசந்தா வந்து வேறு மாதிரி சொல்வாள். சாகிற அன்று நைனா உத்திராபதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்த ஒடச்சி இஞ்சின கெணத்துக்கு வெச்சிடுடா, அந்தப் பொண்ணு இதுலயே பாழாப் போவுது, உங்கக்காவுக்கு ஒரு கல்யாணம் காட்சி பண்ணிவெய்டா" என்று சொன்னதாகச் சொல்வாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. கஞ்சியோடு கதவுக்குப் பின்னால் நின்றேன், எனக்கும் கேட்டது. நான் பூட்டி முடிக்கட்டும் என்று தம்பிதான் பதினோரு வருஷம் பொறுத்திருந்தான்.

காய்ச்சலில் உளறியது அது. அதை மட்டும் எழுதாதீர்கள்.