கிளி பயந்த சால்வை

கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன், டாக்டர். கிளிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு படியேறியதில் மூச்சு வாங்குகிறது.

"நெஞ்சில ஒரு இறகுகூட இல்லையே, இதை யாராவது பயமுறுத்துறாங்களா?" என்று கேட்டீர்கள். மகள் எதிரில் கேட்டதால்தான் அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன். மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. சொல்லிவிடுகிறேன்.

இது என் கணவரின் முதல் மனைவி வளர்த்த கிளி. அவள் இறந்த பிறகுதான் நான் அந்த வீட்டுக்குப் போனேன். கணவர் பெரும்பாலும் வெளியூர் வேலையில் இருப்பார். கிளி என்னைக் கண்டாலே மூலையில் ஒண்டிக்கொள்ளும். அவள் பெற்ற மகளும் அப்படித்தான். என்னை 'ஆன்ட்டி' என்பாள். சோறு போட்டால், ஏதோ ஹோட்டலுக்கு வந்தவள் மாதிரி 'தேங்க்ஸ்' என்பாள். நான் மழலையர் பள்ளியில் டீச்சர். முதல் நாள் வீறிட்டு அழும் பிள்ளைகள்கூட மதியத்துக்குள் என் இடுப்பில் ஏறிவிடும். வீட்டுப் பிள்ளை மட்டும் எட்டி நின்றால் வயிறு எரியாதா? எரிந்தது.

பள்ளி விட்டு வந்ததும் அவள் தன் அம்மாவின் பச்சைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கூண்டருகே உட்காருவாள். கிளி அதன் நூலை ஒவ்வொன்றாகக் கோதிக்கொண்டிருக்கும். நான் பால் டம்ளரோடு பக்கத்தில் நிற்பேன். இரண்டும் திரும்பிப் பார்க்காது.

முதலில் நேர்வழியில்தான் போனேன். உள்ளங்கையில் வேர்க்கடலையை வைத்துக்கொண்டு கை மரத்துப்போகும்வரை நின்றேன். கொத்து வாங்கியதுதான் மிச்சம்.

பிறகுதான் புரிந்தது. பயந்த உயிர் ஒளிந்துகொள்ள ஒரு இடம் தேடும். அப்படித் தேட வேண்டுமென்றால் முதலில் யாராவது அதைத் துரத்த வேண்டும்.

எனக்கு மதியத்தோடு வேலை முடிந்துவிடும். வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்தச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொள்வேன். கரண்டியால் கூண்டுக் கம்பியைத் தட்டுவேன், தண்ணீரை முகத்தில் அடிப்பேன். வாலைப் பிடித்து இழுத்ததும் உண்டு, அதிகமில்லை. தொண்டை கிழியக் கத்தும். அடுத்த அறைக்குப் போய்ச் சால்வையை மடித்து வைத்துவிட்டு, மெல்லப் பாடிக்கொண்டே கடலையோடு வருவேன். போகப் போக அது நடுங்கிக்கொண்டே என் தோளில் ஏறியது. அந்தச் சின்ன நெஞ்சு என் கழுத்தில் படபடத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, டாக்டர்.

ஒரு மாலை மகள் வழக்கம்போலப் போர்த்திக்கொண்டு வந்தாள். கிளி அலறிக்கொண்டு கம்பியில் மோதியது. அவள் நீட்டிய விரலைக் கிழித்தது. நான் கூண்டைத் திறந்தேன். நேராக என் தோளுக்குப் பறந்து வந்தது.

"அம்மா சால்வைன்னா அதுக்கு உசிராச்சே. இப்ப ஏன் பயப்படுது?" என்றாள்.

"தனியா இருக்கறப்ப உங்கம்மா அதை என்ன பண்ணாங்களோ, நமக்கு எப்படித் தெரியும்? பழசு இப்ப ஞாபகம் வந்திருக்கும். பறவைக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா."

"அம்மா அப்படியெல்லாம் பண்ணுவாங்களா?"

அவள் தலையை மட்டும் தடவிக் கொடுத்தேன். நாம் சும்மா இருந்தால் மீதியைப் பிள்ளைகள் தாங்களே சொல்லிக்கொள்ளும்.

சில நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவின் படத்தை எடுத்து அலமாரிக்குள் கவிழ்த்து வைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கத்தரிக்கோலால் சால்வையைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டாள். பிறகு என் மடியில் வந்து படுத்து 'அம்மா' என்றாள். நான் கூப்பிடவில்லை. அவளாகவே வந்தாள்.

சால்வை போன பிறகும் இந்தக் கிளி தன் இறகைத் தானே பிடுங்கிப் போடுகிறது. அதற்குத்தான் மருந்து கேட்டு வந்தேன்.

கதவையே பார்க்கிறீர்கள். அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறீர்கள் போலிருக்கிறது. தாராளமாகச் சொல்லுங்கள். என் கைப்பையை மடியில் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருக்கிறாள், நல்ல பிள்ளை. அவளுக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் பேசப் பேசப் பயந்துபோவாள்.

பயந்தால் என் பின்னால்தான் வந்து ஒளிந்துகொள்வாள்.