ஏழாம் நாள் கழுவிய டம்ளர்

தண்ணீருக்குச் சுவை கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். அது தவறு. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் காலையில் வால்வைத் திறந்துவிட்டு மூன்று தெருக் குழாயிலும் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன். மேட்டுத் தெருத் தண்ணீரில் இரும்பு வாடை அடிக்கும், அங்கே குழாய் பழசு. ஆற்றுத் தெருவில் பாசி. மில் குடியிருப்பு, பெருந்தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பதால் குளோரின் தூக்கல். கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் எந்தத் தெருத் தண்ணீர் என்று சொல்லிவிடுவேன்.

நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரும்படி கேட்டீர்கள், ஐயா. எழுதுவது எனக்குச் சிரமமில்லை. எங்கள் பள்ளியில் கடிதம் எழுதப் பழக்குவதற்கென்றே வாரத்தில் ஒரு பீரியட் இருந்தது. விஷயத்துக்கு வா, தலையைச் சுற்றி மூக்கைத் தொடாதே என்பார் வாத்தியார்.

நீங்கள் வெளியூர்க்காரர். ஆகவே சாபத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கிற பம்ப் ஹவுசுக்குப் பின்னால் கல் மூடி போட்ட கிணறு இருக்கிறதே, அதில் அந்தக் காலத்தில் ஒரு மருந்துக்காரியைத் தள்ளினார்கள். சூனியக்காரி என்று பேர் வைத்துவிட்டுத் தள்ளினார்கள். மூன்று தெருவுக்கும் சாமி வேறு, சடங்கு வேறு, பெண் கொடுக்கல் எடுக்கல் கிடையாது. அன்றைக்கு ஒரு நாள்தான் மூன்று தெருவும் சேர்ந்து ஒரு காரியத்தில் கை வைத்தது. விழுவதற்கு முன் அவள் சொன்னாளாம்: "ஒண்ணா சேர்ந்து தள்ளுறீங்க இல்ல? இனிமே வேற வேற தெருவுல பொறந்ததுங்க ஏழு நாள் ஒரே குவளையில வாய் வெச்சா, ஏழாம் நாள் முதல்ல வெச்ச வாய் மூடிப் போகும்."

அதனால்தான் பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் மூன்று பானை, மூன்று குவளை. வாத்தியார்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்கள்.

அந்தப் பிள்ளைகள் மூவரும் பத்தாம் வகுப்பு. மேட்டுத் தெருப் பையனை ஒட்டடை என்பார்கள், ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். மில் குடியிருப்புப் பையன் டாக்டர், எந்நேரமும் சட்டைப் பையில் தெர்மாமீட்டர். ஆற்றுத் தெருப் பெண் வாயாடி. அவளுடைய அம்மாவை எனக்குத் தெரியும்.

விளையாட்டு விழாவன்று வாயாடியின் தம்பி ஓடி முடித்த இடத்திலேயே மயங்கி விழுந்தான். ஆற்றுத் தெருப் பானை காலி. பக்கத்தில் இரண்டு பானை நிறையத் தண்ணீர், யாரும் மொண்டு கொடுக்கவில்லை. பையன் பிழைத்துக்கொண்டான். மறுநாள் சாயங்காலம் மூவரும் பம்ப் ஹவுஸ் வாசலில் வந்து நின்றார்கள்.

"ஏழு நாள் ஒரே டம்ளர்ல குடிக்கப் போறோம் மாமா," என்றாள் வாயாடி. "எட்டாம் நாள் காலையில பிரேயர்ல மேடை ஏறி, உயிரோட இருக்கோம் பாருங்கன்னு நிக்கப் போறோம். அப்புறம் மூணு பானைக்கு என்ன வேலை?"

"அதுக்கு நான் எதுக்கும்மா?"

"மூணு தெருவுக்கும் தண்ணி விடுறவரு நீங்க. நீங்க சாட்சின்னா எவனும் வாயைத் திறக்க மாட்டான்."

டாக்டர் ஒரு நோட்டு வாங்கி விதிகளை எழுதினான். ஒரே எவர்சில்வர் டம்ளர். அது என் அலமாரியில் பூட்டியிருக்கும், சாவி என்னிடம். கழுவியதால்தான் சாபம் பலிக்கவில்லை என்று யாரும் சாக்குச் சொல்லக் கூடாது என்பதால் ஏழு நாளும் டம்ளரைக் கழுவக் கூடாது. தினமும் ஐந்து மணிக்கு, பெருந்தொட்டிக் குழாயில் நான்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் ஒட்டடை முதல், வாயாடி இரண்டாவது, டாக்டர் கடைசி.

"கவலைப்படாதடா, மாலை போட நல்ல போட்டோ ஒண்ணு எடுத்து வெச்சுக்கலாம்," என்றாள் வாயாடி. ஒட்டடைக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் குடிக்கும்போது டம்ளர் விளிம்பில் அவன் பல் டக் டக்கென்று மோதியது எனக்குக் கேட்டது.

அவர்களைத் தடுக்க நான் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டாம் நாள், சாபத்தால் ஆனவை என்று ஊர் சொல்லும் பழைய சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். மூன்றாம் நாள், கிணற்று மூடியை ஒட்டி ஈர மணலைப் பரப்பிக் காலடித் தடம் ஒன்றைப் பதித்து வைத்தேன், ஒற்றைக் கால், விரல்கள் கிணற்றைப் பார்க்கும்படி. ஒட்டடை அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். டாக்டர் அவன் கையைப் பிடித்து நாடி எண்ணினான், நூற்றுப் பத்து. வாயாடி மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் காலை அந்தத் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தாள், தடம் அவள் காலைவிடப் பெரிது.

"செத்து இத்தனை வருஷம் ஆகியும் கிழவிக்குக் கால் வளர்ந்துக்கிட்டே இருக்கு போல."

சொன்னாளே தவிர, அன்றைக்கு அவள் முதுகுச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. வீட்டுக்குப் போகும்போது மூவரும் கையைக் கோத்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரில் அப்படி யாரும் போய் நான் பார்த்ததில்லை.

நாலாம் நாள் ஒட்டடைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. அவன் அழுதுகொண்டே குடித்தான். ஐந்தாம் நாள் சூடு இறங்கிவிட்டது. ஆறாம் நாள் மூவரும் திடமாக இருந்தார்கள், ஐயா. முகத்தில் தெளிவு வந்துவிட்டது. நோட்டில் 'எல்லாம் இயல்பு' என்று எழுதி டாக்டர் அடிக்கோடு போட்டான். அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

ஏன் என்று கேட்பீர்கள். வாயாடியின் அம்மாவைத் தெரியும் என்று மேலே எழுதினேன். பதினெட்டு வருடத்துக்கு முன்பு அவள் இதே பம்ப் ஹவுசுக்கு வருவாள். நான் மேட்டுத் தெருவில் பிறந்தவன், அவள் ஆற்றுத் தெரு. கல்யாணம் என்றால் ஒரு வீடு, ஒரு பானை, ஒரு குவளை. ஏழு நாள் என்ன, ஏழு வருடம் குடிக்க வேண்டும். நான் தயங்கினேன். அவள் என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி, "குடு, நான் முதல்ல குடிக்கிறேன். மூடுனா என் வாய்தானே மூடும்," என்றாள். நான் டம்ளரை வாங்கித் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டேன். அவளைச் சாகக் கொடுக்க எனக்கு மனமில்லை. அடுத்த வருடம் ஆற்றுத் தெருவிலேயே அவளுக்குக் கல்யாணம் ஆனது. நான் மேட்டுத் தெரு வீட்டை விட்டுப் பம்ப் ஹவுஸ் அறைக்கே வந்துவிட்டேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய்.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். எட்டாம் நாள் காலை மூன்று பிள்ளைகளும் மேடையில் ஏறிச் சிரித்துக்கொண்டு நின்றால், நான் எதற்காகப் பதினெட்டு வருடம் அந்த அறையில் இருந்தேன்?

பம்ப் ஹவுசில் எலி ஒயரைக் கடிக்கும். அதற்காக ஒரு மருந்து எப்போதும் இருக்கும். ஏழாம் நாள் அவர்கள் வருவதற்கு முன்னால் டம்ளரின் அடியில் கொஞ்சம் போட்டேன். எந்தப் பிள்ளை மேலும் எனக்குக் கோபமில்லை. முதலில் குடிக்கிற வாய் என்றுதான் சாபமும் சொல்கிறது, பேர் சொல்லவில்லை.

ஐந்து மணிக்குப் பிடித்து நீட்டினேன். ஒட்டடை கையை நீட்டவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டான். "என்னால முடியல. இன்னிக்கு மட்டும் முடியல. எங்கம்மாவுக்கு நான் ஒருத்தன்தான்," என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். வாயாடி என் கையிலிருந்து டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"குடுங்க மாமா, நான் முதல்ல குடிக்கிறேன். கிழவிக்கு வரிசையா தெரியப் போகுது?"

அதே கை நீட்டல், ஐயா. அதே வார்த்தை. அவள் அம்மா இதை அவளிடம் சொல்லியிருக்க வழியில்லை.

தடுக்க நேரம் இருந்தது. இருந்தது என்றுதான் எழுதுகிறேன், பொய் எழுத மாட்டேன். தட்டிவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். நான் குழாயை இறுக்கி மூடினேன், அது சொட்டிக்கொண்டிருந்தது.

பாதி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இன்னிக்குத் தண்ணி ஏன் மாமா ஒரு மாதிரி இருக்கு?"

"குளோரின் கொஞ்சம் கூடிப் போச்சும்மா," என்றேன்.

மீதியையும் குடித்துவிட்டுத்தான் கொடுத்தாள். வேலை பார்க்கிறவனுக்கு மதிப்புக் கொடுக்கிற பெண். நான் டம்ளரை வாங்கி மூன்று தடவை நன்றாகக் கழுவிவிட்டு, மறுபடி தண்ணீர் பிடித்து மற்ற இருவருக்கும் கொடுத்தேன். முதல் வாய் தன்னுடையது இல்லை என்று ஆனதும் ஒட்டடையும் குடித்தான். அவர்களுக்கு ஒரு வயிற்று வலிகூட வரக் கூடாது என்று கழுவினேன். இதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அவள் போய்விட்டாள். பள்ளியில் பிரேயர் நடக்கவில்லை. சாபம் பலித்துவிட்டது என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. ஒட்டடையை அவன் வீட்டில் அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், தண்ணீர் என்று சொன்னாலே கத்துகிறானாம்.

டாக்டர் மட்டும், அவள் போன மூன்றாம் நாள் வந்தான். நோட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். உள்ளே வரவில்லை, வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"ஆறு நாளும் கழுவல மாமா. அன்னிக்கு மட்டும் ஏன் கழுவுனீங்க?"

அங்கிருந்து அவன் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறான். நோட்டு உங்கள் மேசை மேல் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவன் எழுத்து அழகாகவே இருக்கிறது: 'ஏழாம் நாள். டம்ளர் கழுவப்பட்டது.' சரியாகத்தான் கவனித்திருக்கிறான். நான்தான் போட்டேன், நான்தான் கொடுத்தேன், குடிக்கும்போது பார்த்துக்கொண்டு நின்றதும் நான்தான். கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று பாக்கி. டாக்டர் போன பிறகு, நீங்கள் வருவதற்கு முன்னால், அவள் அம்மா வந்திருந்தாள். பதினெட்டு வருடத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என் எதிரில் நின்றாள். கண்ணில் தண்ணீர் வற்றியிருந்தது. "அன்னிக்கே சொன்னே. நீ சொன்னதுதான் சரி. நான்தான் நம்பல," என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டபோது நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது.

நீங்கள் இதைப் படித்துக் காட்டும்போது அவளிடம் ஒன்றை மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள், ஐயா. அன்றைக்கு நான் தண்ணீரைக் கீழே கொட்டியதால்தான் அவள் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள்.