நாளைக்கு யாரும் கமிட்டிக்குப் போகக் கூடாது

செஞ்சியில் பெட்ரோல் பங்க் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் டீசல் கேனோடு நின்றார்கள். ஒரே ஊர் விவசாயிகள், மாமனும் மாப்பிள்ளையும். மாமன்தான் ஆரம்பித்தார்.

“அரபு நாட்டுக்காரனுக்கு இருக்கிற அறிவு நமக்கு இல்ல மாப்ள.”

“இன்னா மாமா திடீர்னு?”

“கச்சா எண்ணெ வெல எறங்குனா அவனுங்க கூடிப் பேசி, எடுக்கறதக் கொறைச்சிடுறானுங்க. சரக்கு கம்மி, வாங்கறவன் அதிகம். வெல தானா ஏறிடுது. நாம இன்னா பண்றோம்? எல்லாரும் ஒண்ணா அறுத்து, ஒரே நாள்ல கொண்டுபோய் நெல் கமிட்டி ஏலத்துல கொட்டறோம். அப்புறம் வியாபாரி கேக்கறதுதான் வெல.”

“அவன் எண்ணெ பூமிக்குள்ளயே கெடக்கும் மாமா. நம்ம நெல்லு நனைஞ்சா மொளைச்சிடுமே.”

“ஒரு வாரம் தாங்காதா? நம்ம ஊர்ல நாளைக்கு ஒருத்தனும் மூட்டைய எடுக்கக் கூடாது. வெல ஏறுதா இல்லையா பாரு.”

“சரி மாமா, நான் எடுக்கல.”

கேன் நிரம்பியதும் மாமன் காற்றடிக்கும் இடத்துக்குப் பின்னால் போய் ஃபோன் பேசினார்; டயருக்குக் காற்றடிக்கப் போன என் காதில் விழுந்தது. “டிராக்டர்ல மூட்டைய ஏத்து. நாளைக்கு நம்ம ஊர்ல எவனும் வரமாட்டான். நல்ல வெல கெடைக்கும்.”

பேசி முடித்துத் திரும்பினார். அங்கே மாப்பிள்ளையும் காதில் ஃபோனோடு நின்றார். “ஆமா, எல்லா மூட்டையும்தான். மாமா வரமாட்டாரு.”

இருவரும் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். பிறகு மாமன் சிரித்துவிட்டார்.

“நல்லவேள மாப்ள, எண்ணெக் கெணத்த நம்ம ஊர்ல வைக்கல. ஒலகமே ஓசியில வண்டி ஓட்டியிருக்கும்.”