மூன்று குழாய் எச்சில்

காலையில் எழுந்ததும் பல் தேய்க்கக் கூடாது, காப்பி குடிக்கக் கூடாது, சோதனைக் குழாயில் பாதிவரை துப்ப வேண்டும் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது, மேடம். என் கணவர் ஆர்லன் எந்தத் தாளையும் படிக்கிற ஆளில்லை. நான்தான் படித்துச் சொன்னேன்.

ஆண்களுக்குச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கிற பரிசோதனை அது. அவருக்கு நாற்பத்தொன்பது வயது. மர ஆலையிலிருந்து வந்தால் சுருண்டு படுத்துவிடுவார். உடம்பு தேறியதும் அரிசோனாவுக்குப் போய்விடுவாராம், தனியாக.

"உனக்கு வயசாயிடுச்சு, க்ளாரிஸ். எனக்கு இன்னொரு வாழ்க்கை பாக்கி இருக்கு."

பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார். இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவளிடம். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

துப்பிய குழாயை உறையில் ஒட்டி, சாலையோரத் தபால் பெட்டியில் வைத்து, சிவப்புக் கொடியை நிமிர்த்திவிட்டுப் போனார். விஸ்கான்சினில் எங்கள் பக்கம் கொடி நின்றால் தபால்காரர் எடுத்துக்கொண்டு போவார். அவர் வரப் பதினோரு மணி ஆகும். நான் உறையை ஆவியில் காட்டிப் பிரித்தேன், குழாயைக் கழுவிக் காயவைத்தேன், என் எச்சிலைத் துப்பி வைத்தேன். நானும் பல் தேய்த்திருக்கவில்லை. எதையும் ஒழுங்காகச் செய்வது என் பழக்கம்.

பத்து நாளில் முடிவு வந்தது. கணினித் திரையில் டாக்டர் சிரித்தார்.

"என்ன சார், ஒரு பொம்பளைக்கு இருக்கிற அளவுதானே இருக்கு?"

ஆர்லனின் முகம் செத்துப்போனது. அதற்குப் பிறகு அரிசோனா என்ற பேச்சே இல்லை. எனக்கு மனம் குளிர்ந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதினார். தொடையில் நான்தான் போட்டேன். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை, என் எச்சில். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். அடுத்ததும் அப்படியே, மறுபடி கூட்டினார். மருந்தோடு வந்த தாளையும் படித்தேன். அளவு மீறினால் இரத்தம் கெட்டியாகி மூளையில் அடைத்துக்கொள்ளுமாம். முகம் சிவந்து தலை வலித்தால் உடனே நிறுத்த வேண்டுமாம்.

பிப்ரவரியில் அவர் முகம் தக்காளி மாதிரி ஆனது.

"தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடி. அந்தத் தாள்ல இதப் பத்தி ஏதாவது போட்டிருக்கா?"

"ஒண்ணும் போடலை. திரும்பிப் படுங்க."

ஊசியைப் போட்டேன். இரண்டாம் நாள் சமையலறையில் விழுந்தார். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் போய்விட்டது.

ஆமாம், மூன்று குழாயிலும் இருந்தது என் எச்சில்தான். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் ஊசி போட்டேன். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று மருத்துவமனையில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்களாமே. அதிலிருந்து நான் கஞ்சி ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்கிறார், இடது கையால் தட்டிவிடுகிறார். உரிமை உள்ளவளிடம்தானே மனிதர் கோபித்துக்கொள்வார்? கொஞ்சம் சீக்கிரம் முடியுங்கள், மேடம். சாயங்காலம் நான் போகாவிட்டால் ஏங்கிப்போவார்.