நான்கு சிரிப்பும் ஒரே நொடியில்

ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்துவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். வெளியே வைத்தால் அழகாக இல்லையாம். நொடிக்கு ஆயிரம் மெகாபிட்டை வீட்டுக்குள் வரவழைத்துவிட்டு, அதன் வாயைப் பொத்தி மூலையில் உட்காரவைக்கிறார்கள். வீட்டின் நடுவில், மார்பளவு உயரத்தில், நாலாபக்கமும் திறந்த இடத்தில் வைக்க வேண்டும். என் வீட்டில் செருப்பு அலமாரியின் மேல் இருக்கிறது. வீடு வீடாக விசாரிக்க வந்தபோது நீங்களே பார்த்திருப்பீர்கள், நான்கு கொம்புகளையும் தூக்கிக்கொண்டு ஜம்மென்று நிற்கும்.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அதற்கு என் தங்கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் அக்கா தங்கைகள் நான்கு பேர். நான் மூத்தவள். மூன்று தங்கைகளும் மூன்று ஊர்களில் வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். நான் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற வேலையோடு இங்கேயே இருந்துவிட்டேன். ஞாயிறு பிற்பகல் நாங்கள் நால்வரும் வீடியோவில் கூடுவோம். பேசுவதற்கு என்று ஒன்றும் இருக்காது. சிரிப்பதற்குத்தான்.

ஆனால் எங்கள் குடியிருப்பில் இருந்தது பழைய தொலைபேசிக் கம்பி. பதினொரு மெகாபிட் வரும், மழை பெய்தால் நாலு. பெரிய தங்கை ஒரு வேடிக்கை சொன்னால், கடைசி வரி வரும்போது அவள் வாய் திறந்தபடி படம் உறைந்துவிடும். கடைக்குட்டி முதலில் சிரிப்பாள். ஐந்து நொடி கழித்து மூன்றாமவள். எனக்கு வந்து சேரும்போது அவர்கள் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். நான் தனியாகச் சிரிக்க வேண்டும். பந்தி முடிந்த பிறகு இலை போட்ட மாதிரி. ஆறு வருடம் அப்படிச் சிரித்தேன்.

அதனால்தான் எங்கள் தெருவில் ஃபைபர் போடப்போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்தபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். இருபத்துநான்கு வீட்டுக் கதவையும் தட்டினேன். எந்த வீட்டுக்கு எந்தத் திட்டம், எந்த ரவுட்டர் என்று நானே எழுதிக்கொடுத்தேன். பழைய ரவுட்டரில் ஜிகாபிட்டை விடுவது அண்டாத் தண்ணீரைப் புனலில் ஊற்றுவது போல என்று எல்லோருக்கும் விளக்கினேன். மாடிப்படி ஏறி இறங்கியதில் மூன்று கிலோ இளைத்தேன். கடையில் எல்லோரும் கேட்டார்கள், முகத்தில் என்ன இவ்வளவு பளபளப்பு என்று.

வேலையை எடுத்து நடத்தியவர் கம்பெனியின் இணைப்பு அதிகாரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். படிவத்தைக் கையில் வாங்கியதும் கையை நீட்டி முகத்தைப் பின்னுக்கு இழுத்தார். பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. "சார், உங்களுக்கு வெள்ளெழுத்து. குடுங்க, நான் படிச்சு எழுதறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றேன். "பெரிய உதவிங்க" என்றார். அவர் கையெழுத்துப் போட்டதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால்தான் நானாக உங்களிடம் வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் பத்தொன்பதாவது கேள்வி அது. பழைய கம்பியில் யாராவது மருத்துவ அவசர அழைப்புக் கருவி வைத்திருக்கிறார்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஆம் என்றால் தனிக் குழு வந்து பார்த்து, கருவியை மாற்றி, பேட்டரி வைத்துவிட்டுத்தான் பழைய கம்பியைப் பிடுங்குவார்கள். எதிர்க் குடியிருப்பில் ஆம் என்று போட்டார்கள். அவர்களை அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிட்டார்கள். எட்டு மாதம்.

எட்டு மாதம் என்றால் முப்பத்துநான்கு ஞாயிறு.

என் வீட்டுக்கு நேர் மேல்வீட்டில் கப்பல்காரர் இருந்தார். கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வுபெற்றவர், மனைவி போன பிறகு தனி ஆள். இதயத்தில் கோளாறு. கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும். அதை அழுத்தினால் தொலைபேசியின் பக்கத்தில் இருக்கிற வெள்ளைப் பெட்டி பழைய கம்பி வழியாக ஆஸ்பத்திரியைக் கூப்பிடும். நல்ல மனிதர். என்னை வாய் நிறைய "செயலாளரம்மா" என்பார். பார்க்கும்போதெல்லாம் ஏதாவது வம்புக்கு இழுப்பார்.

நான் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பேனாவில் மை சரியாக வரவில்லை, இரண்டு தடவை அழுத்திப் போட்டேன்.

ஃபைபர் வந்த நாளை எப்படிச் சொல்வது. கண்ணாடி இழை, முடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். அதை என் வீட்டுச் சுவரில் செருகி, ரவுட்டரில் விளக்கு எரிந்து, வேகம் பார்த்தால் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று. எனக்குச் சிரிப்பாக வந்தது. மறுபடி பார்த்தேன், தொள்ளாயிரத்து நாற்பத்துமூன்று. பக்கத்து வீட்டு டீச்சர் ஓடிவந்து, "எனக்குத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு, உங்களுக்கு எவ்வளவு?" என்றாள். நடைக்கூடத்தில் நாங்கள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு குதித்தோம். இரண்டு பேருக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது.

மறுநாள் பழைய கம்பியைப் பிடுங்கினார்கள். சாயங்காலம் கப்பல்காரர் கதவைத் தட்டினார்.

"செயலாளரம்மா, என் டப்பாவுல பச்சை லைட்டு போய் சிவப்பு சிமிட்டுது. என்னான்னு பாருங்களேன்."

மேலே போய்ப் பார்த்தேன். "அது புது லைனைத் தேடுதுங்க. கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"கண்ணை உறுத்துதே. ராத்திரி பூரா நம்மளையே முறைச்சுப் பாத்துக்கிட்டிருக்குமே."

கடையில் புதுக் கண்ணாடிகளின் மேல் வட்டமான பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். என் கைப்பையில் எப்போதும் இரண்டு மூன்று கிடக்கும். அவர் எனக்குத் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனபோது ஒன்றை எடுத்து விளக்கின் மேல் ஒட்டினேன். உற்றுப் பார்த்தால் தெரியும். ஆனால் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. போன மாதம் நான்தான் சோதித்தேன்.

"அட, பச்சை வந்துடுச்சே. கைராசிக்காரங்க நீங்க" என்றார்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரிக்காரர்கள் அவருக்குச் சொல்லியிருந்த முறை. கம்பி போன பிறகு வந்த முதல் தேதி காலையில் படியில் என்னைப் பார்த்ததும், அழுத்திப் பார்க்கட்டுமா என்று கேட்டார். இந்த மாதம் வேண்டாம் என்று அவர்களே சொன்னதாகச் சொன்னேன். எப்படியும் அடுத்த வாரம் புதுக் கருவிக்கு எழுதிப்போடுவதாக இருந்தேன். பத்து நாளில் என்ன வந்துவிடப்போகிறது என்று நீங்களும்தான் நினைத்திருப்பீர்கள்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். முகங்கள் நான்கும் கண்ணாடி துடைத்த மாதிரி. கடைக்குட்டியின் மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிகிறது. பெரிய தங்கை ஆரம்பித்தாள். அவள் வீட்டில் தானாகத் தரை பெருக்கும் இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். அவள் வீட்டுக்காரர் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறார். மேலே சட்டை, டை. கீழே துண்டு. இயந்திரம் மேஜைக்கு அடியில் புகுந்து துண்டின் நுனியைக் கவ்விவிட்டது.

"துண்டு முன்னாடி போகுது, மனுஷன் பின்னாடி போறார். மேனேஜர் கேக்கறார், என்னப்பா எங்க எழுந்து போறேன்னு. இவர் சொல்றார், சார், ஒரு முக்கியமான விஷயம் கையைவிட்டுப் போய்க்கிட்டிருக்கு சார்னு."

நான்கு பேரும் ஒரே நொடியில் சிரித்தோம். ஆறு வருடத்தில் முதல் தடவை. ஒரு சிரிப்பு இன்னொரு சிரிப்பைத் தூக்கிவிடும், உங்களுக்கு அக்கா தங்கை உண்டா என்று தெரியாது. மூன்றாமவள் நாற்காலியிலிருந்து சரிந்தாள். எனக்கு மூச்சு முட்டியது. அப்போதுதான் கூரையில் சத்தம் கேட்டது.

டும், டும், டும். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

"அக்கா, உன் வீட்ல என்ன சத்தம்?" என்றாள் கடைக்குட்டி.

"மேல் வீட்டுக்காரர் ஆணி அடிக்கறார்டி."

"ஞாயித்துக்கிழமையுமா?"

"கப்பல்ல இருந்தவருக்கு ஏது கிழமை."

அதற்கும் சிரித்தார்கள். கப்பல்காரரிடம் சுத்தியல் கிடையாது. ஆணி அடிக்க வேண்டுமென்றால் என்னுடையதைத்தான் வாங்கிக்கொண்டு போவார். அன்று அது என் அலமாரியில் இருந்தது. அது கைத்தடியின் சத்தம் என்று எனக்கு முதல் மூன்று தட்டிலேயே தெரிந்துவிட்டது. பொத்தானை அழுத்தி, யாரும் வராமல், பிறகுதான் தடியைத் தேடியிருப்பார் என்பதும் தெரிந்துவிட்டது. எழுந்து போகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மூன்றாமவள், "இருங்க இருங்க, இதைக் கேளுங்க, இதைவிடப் பெரிய கூத்து" என்று ஆரம்பித்துவிட்டாள். கதையைப் பாதியில் விட்டு யாராவது எழுந்து போவார்களா?

கணினியில் வெளிச்சத்தத்தை நீக்குகிற வசதி ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினேன். "இப்ப கேக்கல அக்கா, சூப்பர்" என்றாள் கடைக்குட்டி. எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மூன்று இருபத்தைந்து வரைக்கும் கேட்டது. கடைசியில் மூன்று தட்டு இரண்டாகி, பிறகு ஒன்றாகி.

ஐந்து மணிக்குத்தான் அழைப்பை முடித்தோம். வயிறு வலிக்கச் சிரித்திருந்தோம். செயலாளர் என்பதால் எல்லா வீட்டு மாற்றுச் சாவியும் என்னிடம் உண்டு. மேலே போனேன். சாப்பாட்டு மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். ஒரு கையில் தடி. இன்னொரு கையின் கட்டைவிரல் பொத்தானின் மேல். முதலில் பச்சை ஸ்டிக்கரைக் கிழித்து எடுத்தேன். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். புது இணைப்பில்தான் கூப்பிட்டேன், ஒரே மணியில் எடுத்தார்கள்.

ஆகவே படிவத்தில் பொய் எழுதியது நான். விளக்கை மறைத்தது நான். அவர் தட்டியதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். அந்த அதிகாரியைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லுங்கள், அவருக்குக் கண்ணாடி மட்டும் மாற்ற வேண்டும்.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்களே, அதில் ஒரு இடத்தில் திருத்தம் வேண்டும். 'உதவிக்கு யாருமின்றித் தனிமையில் இறந்தார்' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தத் தளம் மெல்லியது. அவர் தட்டியது எங்களுக்குக் கேட்டதென்றால், நாங்கள் சிரித்தது அவருக்கும் கேட்டிருக்கும், நான்கு பேரும் ஒரே நொடியில். தனிமையில் என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.