திமிங்கிலத்தின் மேல் தண்ணீர் அடித்த ஊர்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, அலையோடு வளர்ந்து அலையாகவே நரைத்த பெரியோர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் மதில்மேல் ஏறியிருக்கும் தம்பிமார்களே! தீயணைப்புப் படகின் குழாய்க்காரன் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

சிரிக்கிறீர்கள். ஏனென்று தெரியும். நெருப்பே இல்லாத இடத்தில் தண்ணீர் அடித்த வீரன் அல்லவா நான்!

அன்று துறைமுக வாயிலில் வெண்புகை எழுந்தது. "படகு எரியுது, ஓடியாங்க!" என்று ஊரே அலறியது. சங்கு ஊதினோம், சீறிப் பாய்ந்தோம், குழாயைத் திருப்பினோம். அந்தப் பக்கம் பயணிகள் படகை ஓட்டிவந்த அக்கா, படகை நிறுத்திவிட்டுக் கத்தினார்: "குழாய மூடுடா! அது திமிங்கிலம்டா! பின்னால குட்டி இருக்கு!"

புகையா அது? மூச்சு, தோழர்களே, ஒரு தாயின் மூச்சு! நான் அடித்த தண்ணீர் முழுவதையும் தன் முதுகில் வாங்கிக்கொண்டு, குட்டியை மறைத்து அசையாமல் நின்றாள் அவள்.

இந்த வாசல் யாருடையது? திமிங்கிலங்கள் குடும்பம் குடும்பமாய் வந்துபோன வாசல். கொன்றோம், துரத்தினோம், கடைசியில் முகத்தையே மறந்தோம். திரும்பி வந்தவளுக்கு வழி மறக்கவில்லை. இங்கேயே இருக்கும் நமக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தாயும் குட்டியும் இன்னும் அங்கேயே இருப்பதால், அன்றிலிருந்து அக்கா அந்த வாயிலில் மெதுவாகப் போகிறார். அக்கரை ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தாமதமாகிறது. அவரை வேலையிலிருந்து நீக்கச் சொல்வதா, வேண்டாமா? அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

என்னம்மா அங்கே ஒரு குரல்?

"லேட்டாப் போனா சூப்பர்வைசர் என்னைத்தானே முறைக்கிறாரு! நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

பழகிய குரல். என் மனைவியேதான்! வீட்டில் கேட்டது போதாதென்று மேடைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் நியாயமான கேள்வி. தாமதம் சுமைதான். அந்தச் சுமையை ஒரே ஒரு அக்காவின் தலையில் கட்டலாமா? ஆலை வாசலுக்கு எல்லோரும் சேர்ந்து போவோம். வேலை தொடங்கும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கக் கேட்போம்.

"மொத ஆளா நீங்க வரணும்!"

வருகிறேன்! குழாய் இல்லாமல் வருகிறேன்!

அன்று தெரியாமல் தண்ணீர் அடித்தோம், அவள் பொறுத்துக்கொண்டாள். இன்று தெரிந்தே வேகமாகப் போய் அந்தக் குட்டிமேல் மோதினால், யார் நம்மைப் பொறுப்பார்? அக்காவே ஓட்டட்டும், மெதுவாகவே ஓட்டட்டும் என்பவர்கள் கை உயர்த்துங்கள்.

அதோ, முதல் கை. என் வீட்டுக் கை!

பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கு நன்றி. உயர்ந்துகொண்டே வரும் கைகளுக்கு என் வணக்கம்!