ஜட்காவில் வந்த ஆலமரம்

காகிதத்தில் செய்த பூவுக்கு எட்டு நாள் தண்ணீர் ஊற்றிய புத்திசாலி நான். அதனால் செடிகொடியைப் பற்றி யார் பேசினாலும் வெட்கமில்லாமல் ஒட்டுக்கேட்பேன். அன்று காலை லால்பாக் தோட்டத்திலிருந்து கண்டோன்மெண்டுக்குத் திரும்பிய ஜட்கா வண்டியில் எனக்கு எதிரே ஒரு தம்பதி. மனைவியின் மடியில் ஒரு மண் தட்டு, அதில் சாண் உயரத்துக்குக் குறுக்கி வளர்த்த ஓர் ஆலமரம்.

"நாப்பது வயசு மரம். நம்ம வீட்டுக்கு வந்த பத்தே நாள்ல இலையெல்லாம் கொட்டிடுச்சே!" என்றார் கணவர்.

"மாதா படத்துக்குப் பக்கத்துல வெச்சது தப்புங்களா? டைபாய்டுல கிடந்தப்ப எனக்குக் கஞ்சி ஊட்டின டீச்சரம்மா, சீமைக்குக் கப்பலேறும்போது குடுத்தது. வேற எங்க வைப்பேன்?"

"இருட்டு ரூம்ல மாதாவுக்கு ஒண்ணும் ஆகாது, மேரி. மரத்துக்கு ஆகும். தோட்டத்து மேஸ்திரி சொன்னாரில்ல, வெயில் வர்ற ஜன்னல்ல வெச்சாப் பொழைச்சுக்கும்னு?"

"அப்ப மாதாவையும் ஜன்னலுக்கே கொண்டாந்துடுங்க. டீச்சரம்மாவுக்காக அங்கயே வேண்டிக்கறேன்."

கணவர் சிரித்தார். அதற்குள் அந்த அம்மாள், "இதோ பாருங்க, ஒரு துளிர்!" என்று கூவினாள். கண் கலங்கியிருந்தது.

எனக்கும் மனம் நிறைந்துவிட்டது. துளிரைப் பார்க்க நன்றாகக் குனிந்து, "பிழைத்துக்கொள்ளும் அம்மா" என்றேன்.

"நீங்க நகந்தா பொழைச்சுக்கும் சார்," என்றாள் மேரி, "வெயிலு படல."